செல்லத்தம்பியின் நாக்கடி வீக்கமும் பாதுகாப்புச் சபையும்

யுத்தம் நடத்த ஓர் எதிரி வேண்டும். திருகோணமலைக்கு அந்த எதிரி, யப்பான்காரன், ஒரேயொரு காலையில்தான் வந்தான். ஆகாயத்திலிருந்து குண்டுகளைப் போட்டுவிட்டுத் தன் வழியே போய்விட்டான். அதற்குப் பிறகு ஊரைப் பயத்திலேயே வைத்திருக்கும் பொறுப்பைத் துறைமுகப் பாதுகாப்புச் சபை தன் தலையில் எடுத்துக்கொண்டது. அதை எதிரியைவிடத் திறமாகவே செய்தது என்று சொன்னால் அந்தக் காலத்தில் அங்கே இருந்த எவரும் மறுக்கமாட்டார்கள்.

சபை முதல் வேலையாகத் துறைமுக வாயிலுக்குக் குறுக்கே இரும்பு வலை போட்டது. வலையின் நடுவில் வள்ளங்கள் போய்வரத் திறந்து மூடும் ஒரு படலை. படலையருகே மிதவை மேடையில் ஒரு காவல்காரன், அவன் கையில் ஒரு துவக்கு. வருகிற வள்ளத்தைப் பார்த்து அவன் மூன்று தரம் அதட்டிக் கேட்பான். வள்ளத்தை ஓட்டும் தண்டையல் தன் பெயரையும் வள்ளத்தின் பெயரையும் தன் சொந்தக் குரலில் உரத்துச் சொல்லவேண்டும். அவருக்காக வேறொருவர் சொன்னால் அது எதிரியின் சூழ்ச்சி. முகத்தைப் பார்த்து அடையாளம் காண்பதும் கூடாது, ஏனென்றால் முகத்தை எதிரியும் பூசிக்கொண்டு வரலாம். மூன்றாம் தரமும் சரியான பதில் வராவிட்டால் சுடவேண்டியதுதான்.

இந்த விதியை ஆக்கியவர் சபையின் செயலாளர் காசிநாத முதலியார். யுத்தத்துக்கு முன்பு அவர் அரசாங்கக் கச்சேரியில் துரைமாருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பிறர் பேசியதைத் திருப்பிப் பேசியே தலை நரைத்த மனிதருக்கு, ஒருவருக்காக இன்னொருவர் பேசவே கூடாது என்ற ஞானம் எந்த மரத்தடியில் கிடைத்ததென்று எனக்குத் தெரியாது.

வலையைக் கடந்து போய்வந்தவர்களில் மூதூர்த் தண்டையல் செல்லத்தம்பியும் ஒருவர். குடாவின் அக்கரையான மூதூரிலிருந்து விறகும் மரக்கறியும் ஏற்றிவர அவருடைய பாய்மர வத்தை 'முத்துக்குமாரி'யைச் சபை யுத்த சேவைக்கு எடுத்திருந்தது. உடம்புக்கு ஏலாது என்று ஒரு நாள் வீட்டில் இருந்தால் அது படையை விட்டு ஓடிய குற்றம். ஆகவே அவர் வத்தையை ஓட்டாமல் இருக்கவும் முடியாது, வாயைத் திறக்காமல் வலையைக் கடக்கவும் முடியாது. இந்த நிலைமையில்தான் அவருடைய நாக்குக்குக் கீழே ஒரு வீக்கம் கிளம்பியது.

முதலில் புளியங்கொட்டை அளவுதான். மெல்லிய தோல், உள்ளே நீலம் தெரிந்தது, நோவு கிடையாது. கச்சான் காற்று எழும்பிய நாட்களில் அது நாவற்பழம் அளவுக்கு வந்து நாக்கை மேலே தள்ளிக்கொண்டு நின்றது. சோறு இறங்கவில்லை, கஞ்சிதான். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு கதைப்பவர்போலக் கதைத்தார். அந்தக் கதை அவர் மனைவி யோகமலருக்கு மட்டும் விளங்கியது.

காவல்காரனுக்கு விளங்கவில்லை. ஒரு காலை அவன், "ஆரது வாறது?" என்று கேட்டான். செல்லத்தம்பி சொன்னார். மறுபடியும் கேட்டான். நரம்பு புடைக்கக் கத்தினார். காவல்காரனுக்கு அவரை நன்றாகத் தெரியும், முந்தின நாள்தான் அவரிடம் கத்தரிக்காய் வாங்கியிருந்தான். ஆனாலும் முகம் செல்லாது என்பது விதி. மூன்றாம் தரமும் கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, சுட்டான். வெடி பாயைக் கிழித்துக்கொண்டு போனது.

வத்தையில் அவருக்கு உதவியாளாக இருந்த அன்ஸார் அன்று யோகமலரிடம் வந்து முற்றத்தில் நின்றான்.

"அக்கா, அண்ணன்ட வாய் திறவாட்டி அந்தப் படலையும் திறவாது. இண்டைக்குப் பாயில பட்ட வெடி நாளைக்கு நம்மட நெஞ்சில படும். எப்பிடியும் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போங்க."

ஆசுபத்திரியும் சபையின் கையில்தான் இருந்தது. வெளிச்சம் வெளியே தெரியாதிருக்க அதன் யன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் தார் பூசியிருந்தார்கள். பிறகு யாரோ, தார் எங்கேயாவது உரிந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி என்று மெச்சி, உள்ளே விளக்கு ஏற்றுவதையும் சபை தடை செய்துவிட்டது. நடுப்பகலில் நோயாளிகள் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்கள். சத்திரசிகிச்சை வைத்தியர் ஞானமணி நோயாளியின் குரலைக் கேட்டு, அவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று கண்டுபிடிக்கப் பழகியிருந்தார். செல்லத்தம்பி விஷயத்தில் அதுவும் கைகொடுக்கவில்லை.

டாக்டர் அவரை வாசலடிக்குக் கூட்டிவந்து, கதவின் நீக்கலில் வந்த வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். விரலால் மெல்ல அமத்தினார்.

"இது உமிழ்நீர்ச் சுரப்பியில வாற நீர்க்கட்டி, அம்மா. உமிழ்நீர் கசிஞ்சு வெளியில போகேலாமல் தேங்கி நிக்குது. ஊசியால குத்திவிட்டால் வத்தும், ஆனால் திரும்ப வரும். மேல்தோலை வெட்டித் திறந்து, ஓரத்தைச் சுத்தித் தைச்சுவிட்டால்தான் அது மூடாமல் வடிஞ்சுகொண்டிருக்கும். அதுக்கும் அடங்காட்டி அந்தச் சுரப்பியையே எடுக்கவேணும்."

"அப்ப இப்பவே செய்யுங்கோவன் ஐயா. நாளைக்கும் இவர் வலையைத் தாண்டவேணும்."

டாக்டர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவர் கெட்டிக்காரர், நல்லவர், பயந்தவர். அந்த வருஷத்தில் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் மூன்றாவதுதான் வேலை செய்யும்.

"சபை உத்தரவு தரவேணும், அம்மா" என்றார்.

சபை கூடியது. செல்லத்தம்பியை நடுவில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். உத்தரவு கொடுத்துவிடலாம் என்றிருந்த நேரத்தில் பல் வைத்தியர் எழுந்து, பல்வரிசைக்கு உட்பட்ட பகுதி முழுவதும் தமது ஆட்சிக்கு உரியது, அதற்குள் ஞானமணியின் கத்தி எப்படி வரலாம் என்று கேட்டார். நாக்கும் நாக்கடியும் காலங்காலமாகச் சத்திரசிகிச்சைக்குச் சொந்தம் என்று ஞானமணியும் பலவீனமாக ஏதோ சொன்னார். முதலியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கனவான்களே, இது சாதாரண வாய் அல்ல. இது யுத்தகால வாய். எல்லை தெரியாமல் ஒருவர் அதற்குள் கத்தியோடு நுழைந்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. நாங்கள் ஆக்கிரமிப்பை எதிர்த்துத்தான் இந்த யுத்தத்தையே செய்கிறோம். முதலில் எல்லையை நிர்ணயிப்போம். வைத்தியம் எங்கே ஓடிவிடப்போகிறது?"

வைத்தியம் ஓடவில்லை, வீக்கம்தான் ஓடி வளர்ந்தது. துறைமுகத்தின் ஆழம் அளந்து படம் வரைகிற உத்தியோகத்தர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். கவராயத்தோடும் நூலில் கட்டிய ஈயக்குண்டோடும் அவர் செல்லத்தம்பியின் வாய்க்கு முன்னால் முழங்காலிட்டு இருந்து அளந்தார். அழகான படம். மேலண்ணம், கடைவாய், நாக்கு எல்லாம் இருந்தன. வீக்கத்தை 'புதிதாக எழும்பும் தீவு, கப்பல்கள் விலகிச் செல்க' என்று குறித்திருந்தார். படத்தைப் பார்த்ததும் சபை பெருமைப்பட்டு, இது எதிரி கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று நடுங்கி, அதை இரகசியம் என்று பூட்டி வைத்தது. வைத்தியர்கள் இருவருக்கும் அதைப் பார்க்க அனுமதி இல்லை.

இதற்கிடையில் ஒரு நாள் காவல்காரன் மறுபடி துவக்கை உயர்த்தினான். அன்ஸாருக்குப் பொறுக்கவில்லை. "சுட வேணாம்! இது நம்மட செல்லத்தம்பி அண்ணன்!" என்று கத்திவிட்டான். வேற்றுக்குரல்! எதிரியின் சூழ்ச்சி! வெடி அன்ஸாரின் காது நுனியைக் கொண்டுபோனது. சபை உடனே கூடி ஆழ்ந்து யோசித்தது. காவல்காரன் சுட்டது சரியா என்று யோசிக்கவில்லை, அது சரி என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. இனிமேல் தண்டையலுக்குப் பிறகு வள்ளத்தில் உள்ள ஒவ்வொருவரும் தத்தம் பெயரைத் தத்தம் குரலில் சொல்லவேண்டும் என்று முதலியார் விதியை மேலும் இறுக்கினார். இப்படி ஒரு ஓட்டை இருந்ததை அன்ஸாரின் காது காட்டித் தந்தது என்று அதற்கு நன்றியும் தெரிவித்தார்.

யோகமலர் அன்றிரவு முழுவதும் புருஷனின் தலையைத் தன் தோளில் சாய்த்து, நிமிர்ந்தபடியே அவரைத் தூங்கவைத்தாள். மறுநாள் சபை வாசலில் போய் இருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "ஐயா, எல்லை கண்டாச்சோ?" என்று மட்டும் கேட்டாள். எத்தனை பெரிய உத்தியோகத்தனும் அந்தக் கேள்வியைத் தினமும் தாங்கமாட்டான். சபை ஒரு சமரசத்துக்கு வந்தது. இரண்டு வைத்தியரின் கத்தியும் எல்லை தாண்டக்கூடாது. ஊசியால் ஒரு குத்து. அவ்வளவுதான்.

பல் வைத்தியர் தாடையைப் பிடிக்க, ஞானமணி குத்தினார். முட்டை வெள்ளைக்கரு போலக் கொழகொழவென்று இரண்டு கரண்டி நீர் வடிந்தது. நாக்கு கீழே இறங்கித் தன் இடத்தில் படுத்தது. செல்லத்தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"யோகம்" என்றார்.

அந்தப் பெயரை அவள் மாதக்கணக்காகத் தெளிவாகக் கேட்கவில்லை. சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அவள் விம்மி விம்மி அழுதாள். எனக்கு அந்தச் சபையைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் கிடையாது, ஆனால் அந்தக் கணத்தில் அங்கிருந்த சிலர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"இது திரும்ப வரும் ஐயா. தைச்சுவிடாட்டி..." என்று ஞானமணி தொடங்கினார்.

"டாக்டர்!" என்றார் முதலியார். "வெற்றி கிடைத்த நாளில் தோல்வியைப் பற்றிக் கதைப்பதற்கு யுத்தகாலத்தில் வேறு பெயர் இருக்கிறது."

வெற்றிச் செய்தி கொழும்புக்குப் போனது. கொழும்பில் அந்த வாரம் வேறு வெற்றி எதுவும் இருக்கவில்லை போலும். வாழ்த்து வந்தது. கூடவே, ஒரு பெரிய துரை நேரில் வந்து, சுகமான தண்டையல் வலையைக் கடக்கிற காட்சியைப் பார்க்கப்போகிறார் என்ற செய்தியும் வந்தது.

துரை வரும் முன்பே வீக்கம் வந்துவிட்டது. முந்தியதைவிடப் பெரிதாக, நாடிக்குக் கீழே கழுத்திலும் புடைப்புத் தெரிய வந்தது. யோகமலர் புருஷனை இழுத்துக்கொண்டு முதலியாரிடம் போனாள். செல்லத்தம்பி வாயைத் திறந்தார். முதலியார் யன்னலைப் பார்த்தார். அந்த யன்னலிலும் தார்தான் இருந்தது.

"வாயை மூடும் காணும். உமக்குக் கட்டி இல்லை."

"இருக்குது ஐயா, பாருங்கோ!" என்றாள் யோகமலர்.

"அம்மா, கட்டி போய்விட்டதென்று சபை அறிவித்தாயிற்று. கொழும்பும் ஏற்றுக்கொண்டது. போனது திரும்பி வந்ததென்றால் நாங்கள் தோற்றோம் என்று அர்த்தம். நாங்கள் தோற்றோம் என்று தெரிந்தால் யப்பான்காரன் துணிந்துவிடுவான். உம்முடைய புருஷனின் நாக்குக்கடியில் இந்தத் தேசத்தின் மானம் இருக்கிறது. அதை ஊருக்குத் திறந்து காட்டவேண்டாம். துரை வருகிற அன்றைக்கு நானே உங்கள் வத்தையில் ஏறி வருவேன். டாக்டரும் வருவார். இவர் தெளிவாகப் பெயரைச் சொல்லுவார்."

"சொல்ல ஏலாட்டி?"

"சொல்லுவார். அதுதான் தீர்மானம்."

யோகமலர் அங்கிருந்து நேரே ஞானமணியிடம் போனாள்.

"ஐயா, நீங்களும் அந்த வத்தையில வாறீங்களாம். அவரைச் சுடுற வெடிக்கு, பக்கத்தில இருக்கிறது படிச்ச டாக்டர் எண்டு தெரியாது. உங்கட ஆயுதப் பெட்டியையும் கொண்டு போங்கோ."

 துரை வருகிற நாள் காலையில் ஞானமணி மூதூர்த் துறைக்கு வந்தபோது அவர் கையில் பெட்டி இருந்தது. முதலியார் சரிகைக்கரைத் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு வந்து, வத்தையின் நடுவில் விறகுக்கட்டின்மேல் அமர்ந்தார். பாய் புடைத்தது. மேகம் ஒன்றுகூட இல்லை, கொட்டியாரக் குடா முழுவதும் வெயில் கொதித்தது. செல்லத்தம்பி சுக்கானைப் பிடித்தபடி மூச்சைச் சத்தத்தோடு இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். வலை தெரியத் தொடங்கியது. துரைக்குத் தன்னுடைய எந்தப் பக்கத்து முகம் தெரியும் என்று முதலியார் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மேடையில் துரை வெள்ளை உடுப்போடு நின்றார். காவல்காரன் துவக்கை எடுத்தான்.

"ஆரது வாறது?"

செல்லத்தம்பி வாயைத் திறந்தார். கொழகொழத்த ஒரு சத்தம் தண்ணீரில் விழுந்து கரைந்தது.

"ஆரது வாறது?"

"விளக்கமாச் சொல்லும் காணும்!" என்றார் முதலியார். அதுவும் வேற்றுக்குரல்தான். அவர் வாயை மூடுவதற்குள் வெடி ஒன்று பாய்மரத்தின் தலையில் பட்டுச் சிராய் பறந்தது. விறகுக்கட்டின்மேல் முதலியாரைக் காணவில்லை. அடித்தட்டில், வெறுஞ்சாக்குகளுக்குக் கீழே, சரிகைக்கரை மட்டும் தெரிந்தது. அன்ஸார் பாயைச் சடாரென்று இறக்கி நங்கூரத்தைத் தள்ளிவிட்டான். வத்தை திரும்பி நின்றது.

வருகிற வள்ளத்துக்கு விதி இருந்தது, தப்பி ஓடுகிற வள்ளத்துக்கும் இருந்தது. வராமலும் போகாமலும் வலைக்கு முன்னால் நிற்கிற வள்ளத்தை என்ன செய்வதென்று முதலியார் எழுதி வைக்கவில்லை. காவல்காரன் துவக்கை நீட்டியபடியே காத்து நின்றான்.

ஞானமணி செல்லத்தம்பியின் நாடியை நிமிர்த்தி முகத்தை வெயிலுக்குத் திருப்பினார். வாய்க்குள் சூரியன் விழுந்தது. அந்த வீக்கத்தை அவர் முதன்முதலாக முழுசாகப் பார்த்தார். நீலத்தோலும், அதில் ஓடிய நரம்பும், பக்கத்தில் உமிழ்நீர் வழியின் சிறு முனையும் எல்லாமே தெரிந்தன.

"தார் பூசாத வெளிச்சம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "அன்ஸார், பெட்டியைத் திற. தண்டையல், பயப்பிடாதேயுங்கோ. பயம் எனக்குத்தான் இருந்தது" என்றார்.

விறைப்பூசி போட்டார். நாக்கு நுனியில் ஒரு நூல் கோத்து அன்ஸாரிடம் கொடுத்து மேலே பிடிக்கச் சொன்னார். வத்தை அலையில் ஏறி இறங்கியது. அது இறங்கி நிற்கும் நேரம் பார்த்து ஒவ்வொரு வெட்டாக வெட்டினார். செல்லத்தம்பியின் கைகள் பலகையை நெரித்தன.

சாக்குக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "டாக்டர்! இல்லாத கட்டியை வெட்டுறது குற்றம்!"

"ஓம் ஐயா, இல்லாத கட்டியைத்தான் வெட்டுறன். அசையாமல் கிடவுங்கோ, கை நடுங்கும்."

நீர் வழிந்தது. டாக்டர் மேல்தோலை வட்டமாக எடுத்துவிட்டு, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வாயின் அடித்தோலோடு சேர்த்துத் தைத்தார். உமிழ்நீர் வழி ஊசியில் அகப்படாமல் ஒவ்வொரு தையலுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்து, விறைப்பு வடியும்வரை நங்கூரத்திலேயே கிடந்தார்கள். மேடையில் துரைக்குக் கதிரை போட்டார்கள்.

பிறகு அன்ஸார் பாயை ஏற்றினான்.

"ஆரது வாறது?"

செல்லத்தம்பி இரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து நின்றார். "மூதூர்த் தண்டையல் செல்லத்தம்பி! வத்தை முத்துக்குமாரி!" அந்தக் குரல் தண்ணீரின்மேல் ஓடி வலையில் மோதித் திரும்பி வந்தது. காவல்காரன் சிரித்தேவிட்டான்.

"அன்ஸார்!" என்றான் அன்ஸார். "ஞானமணி!" என்றார் டாக்டர், முன்பு எந்தச் சபையிலும் பேசாத உரத்த குரலில்.

"நாலாவது ஆள் ஆர்?"

முதலியார் சாக்கை விலக்கி எழுந்தார். கோட்டைச் சரிசெய்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். உதடு அசைந்தது, காற்றுத்தான் வந்தது. பயம் அவருடைய குரலைச் சாக்குக்குள்ளேயே வைத்துவிட்டது.

"நாலாவது ஆள் ஆர்?"

முதலியார் செல்லத்தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, நீர் சொல்லும், நீர் சொல்லும் என்று கையால் கெஞ்சினார்.

"நான் சொன்னால் அது எதிரியின்ர சூழ்ச்சி, ஐயா" என்றார் செல்லத்தம்பி. கேலியாகச் சொல்லவில்லை. 

"வாயைத் திறவுங்கோ ஐயா, பாப்பம்" என்றார் டாக்டர்.

மூன்றாம் தரம் கேட்டபோது செல்லத்தம்பி முதலியாரின் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். வெடி தலைப்பாகையைக் கொண்டுபோய்க் கடலில் போட்டது. தலை தப்பியது. காவற்படகு வந்து, தன் பெயர் சொல்லத் தெரியாத அந்த மனிதனை எதிரியின் ஆள் என்று பிடித்துக்கொண்டு போனது. காவல்காரனுக்கு அவரை நன்றாகத் தெரியும். ஆனால் முகம் செல்லாது.

முதலியாரின் குரல் மறுநாளே திரும்பி வந்தது. அதனால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை, நேற்று ஊமையாக இருந்தவன் இன்று இரண்டு மொழியில் பேசுகிறான். அவரை விடுவிக்கச் சபை கூடவேண்டும். சபையைக் கூட்டும் அதிகாரம் செயலாளருக்கு மட்டுமே உண்டு. செயலாளரைக் காணவில்லை என்று சபை கவலையோடு இருந்தது. இல்லாத கட்டியை வெட்டிய குற்றத்துக்கு ஞானமணியை விசாரிப்பதும் அப்படியே நின்றுபோனது. அவர் அந்த இடைவெளியில் ஆசுபத்திரி யன்னல் ஒன்றின் தாரைச் சுரண்டி எடுத்துவிட்டார்.

செல்லத்தம்பியின் நாக்கடி ஆறியது, வீக்கம் திரும்பவில்லை. அவர் சோறு தின்றார், மல்லாந்து படுத்துத் தூங்கினார். தினமும் வலையடிக்கு வந்து பெயரைச் சொல்லுவார், படலை திறக்கும். ஒருநாள் மேடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலின் கம்பிகளுக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"செல்லத்தம்பி! நான் ஆரெண்டு இவங்களுக்கு ஒருக்கால் சொல்லும்! உமக்கு இப்ப நல்லாச் சொல்ல ஏலும்தானே!"

அன்ஸார் நுனி போன தன் காதைத் தடவிக்கொண்டு தண்டையலைப் பார்த்தான். காவல்காரனும் பார்த்தான், துவக்கை மெல்லக் கையில் எடுத்துக்கொண்டு. செல்லத்தம்பி வாயைத் திறந்தார். சுகமான, தெளிவான, ஒரு தடையும் இல்லாத வாய்.

"என்ர பேரும் வத்தையின்ர பேரும் மட்டும்தான் ஐயா நான் சொல்லலாம்!" என்றார். அக்கரைவரை கேட்டது.

படலை திறந்தது.